செஸ் ஆற்றோரம் ஒரு சுற்று நடை: லிட்டில் சால்ஃபோன்டிலிருந்து வயலும் காடும்

லண்டனின் வடமேற்கே ஹாரோ, வெம்பிளி, ரெய்னர்ஸ் லேன் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு மெட்ரோபாலிடன் லைன் அன்றாடம் ஏறி இறங்கும் ரயில். நகரத்துக்குள் போவதற்கே அதைப் பிடிக்கிறோம். ஹாரோ-ஆன்-த-ஹில்லில் எதிர்ப்பக்கப் பிளாட்பாரத்தில் நின்று அதே லைனில் அமர்ஷமோ செஷமோ போகும் ரயிலில் ஏறினால், அரை மணிக்குள் சால்ஃபோன்ட் அண்ட் லாட்டிமர் நிலையம். அங்கிருந்து கால் மணி நேர நடையில் பீச் மரக்காடு, அதைத் தாண்டினால் மேய்ச்சல் நிலம், அதன் கீழே தெளிந்த ஓர் ஆறு. கார் வேண்டாம், தனி டிக்கெட் வேண்டாம். ஆய்ஸ்டரோ வங்கி அட்டையோ தொட்டால் போதும். அந்த நிலையம் 8ஆம் மண்டலத்தில் இருக்கிறது. லண்டன்வாசிகளான மூத்தோரின் இலவசப் பயண அட்டையான ஃப்ரீடம் பாஸும் செல்லும், வார நாளானால் காலை 9 மணிக்குப் பிறகு.

இந்த நாட்டில் பல ஆண்டு வாழ்ந்தும் ஒருமுறைகூட வயல் வழியே நடந்திராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்து, நாலு சுவருக்குள் மூன்று மாதம் கழிக்கும் பெற்றோரைக் கூட்டிப் போகவும் இந்த இடம் உதவும். முழுச் சுற்று ஏறக்குறைய 11 கிலோமீட்டர். முதல்முறை நடப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கு வழியில் முடித்துக்கொள்ளவும் ஓர் இடம் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் உரிமை

நம்மவர்களைத் தடுப்பது குளிரோ தூரமோ அல்ல, தயக்கம்தான். “இது யாரோ ஒருவருடைய நிலம் ஆயிற்றே, நாம் உள்ளே போகலாமா?” என்ற தயக்கம். போகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலங்களின் ஊடே செல்லும் பொதுப் பாதைகள் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளன. நிலம் விவசாயியுடையது, அதன் குறுக்கே நடக்கும் உரிமை எல்லோருடையது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, உள்ளூராட்சி மன்றங்கள் இப்பாதைகளை அதிகாரபூர்வ வரைபடத்தில் பதிந்து வைத்திருக்கின்றன. நிலம் கைமாறினாலும் பாதை அழியாது. குடியுரிமை, விசா எதையும் இந்த உரிமை பார்ப்பதில்லை. நேற்று ஹீத்ரோவில் வந்து இறங்கிய உங்கள் அம்மாவுக்கும் அது உண்டு.

பாதையைக் காட்டுபவை சிறிய வட்டத் தகடுகள். வேலிக் கம்பத்திலும் கேட்டிலும் அடித்திருப்பார்கள். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரும், ஒதுங்கி வழிவிடுங்கள். நாம் நடக்கப்போகும் இந்தச் சில்டர்ன் குன்றுப் பகுதியில் இன்னொரு வழக்கமும் உண்டு: காட்டுக்குள் மரத்தின் மேலேயே வெள்ளை அம்பு தீட்டியிருப்பார்கள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் தகட்டைக் காணவில்லை என்றால் சுற்றியுள்ள மரங்களைப் பாருங்கள்.

வரைபடம் ஒன்று கட்டாயம் வேண்டும். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 172ஆம் எண் இப்பகுதிக்குரியது. தாளாகவும் வாங்கலாம், கைபேசிச் செயலியிலும் பார்க்கலாம். அதில் 4 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். பச்சை நிறச் சிறு கோடுகளாகப் போவது பொது நடைபாதை, நீண்ட பச்சைக் கோடுகள் குதிரைப் பாதை. கறுப்புக் கோடுகளாகத் தெரிவது தரையில் இருக்கும் ஒரு தடம் மட்டுமே, அதில் நடக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று பொருள் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் பதித்துக்கொண்டால் இங்கிலாந்தின் எந்தக் கிராமத்திலிருந்தும் நீங்களே ஒரு சுற்று நடையை வரைந்துவிடலாம். கூகுள் மேப் ஊருக்குள் நன்றாக வழிகாட்டும், வயலுக்குள் அதை நம்பாதீர்கள். பொதுப் பாதை எது, பண்ணையின் சொந்தத் தடம் எது என்று அது பிரித்துச் சொல்லாது.

எதைப் போட்டுக்கொண்டு போவது

இந்தக் குன்றுகளின் அடியில் சுண்ணப்பாறை, மேட்டின் தலையில் சிக்கிமுக்கிக் கற்கள் கலந்த களிமண். அந்தக் களிமண்தான் பிரச்சினை. நவம்பர் தொடங்கி மார்ச் வரை மேட்டுக் காட்டுக்குள் கணுக்கால் புதையும் சேறு இருக்கும். கோடையில் சாதாரண ஓட்டக் காலணி போதும். மற்ற மாதங்களில் அடியில் நல்ல பிடிப்புள்ள, கணுக்காலை மூடும் பூட்ஸ் போடுங்கள். செருப்பும் சாண்டலும் எந்தப் பருவத்துக்கும் ஆகாது. சேலை கட்டும் அம்மாக்களிடம் அன்று ஒருநாள் சுரிதாரும், அதற்குள் கால் முழுக்க மூடும் பேன்ட்டும் போடச் சொல்லுங்கள். காரணம் நெட்டில் செடி. நம் ஊர்ச் செந்தட்டியின் குணம் அதற்கு உண்டு, யாழ்ப்பாணத்தார் காஞ்சோண்டியை நினைத்துக்கொள்ளலாம். கோடையில் பாதையின் இருபுறமும் இடுப்பளவு வளரும், பட்டால் சுரீரென்று தடிக்கும், சில மணி நேரத்தில் அடங்கிவிடும்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, கனக்கும். கோடையிலும் மெல்லிய மழைக்கோட்டு பைக்குள் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி சாக்ஸ், முழு சார்ஜ் உள்ள கைபேசி. பள்ளத்தாக்கின் அடியில் சிக்னல் எப்போதும் கிடைக்கும் என்று எண்ணாமல், வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளிச்சோறு, கட்லட், ரோல்ஸ் எதுவானாலும் ஆறின பிறகும் ருசிக்கும். ஆற்றோரப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுவதற்காகவே இந்த நடையைத் தொடங்கிய குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

நிலையத்திலிருந்து லாட்டிமர் வரை

வார இறுதியில் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துவது அடிக்கடி நடக்கும், முந்தின இரவே பார்த்துவிடுங்கள். காலை 10 மணிக்கு நிலையத்தில் இறங்குவது நல்லது. கழிவறைத் தேவையை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் பொதுக் கழிவறை இல்லை.

நிலையம் இருப்பது லிட்டில் சால்ஃபோன்ட் கிராமத்தில். 1889இல் ரயில் வந்த பிறகு அதைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. பெட்ஃபோர்ட் அவென்யூ, செய்னீஸ் அவென்யூ என்ற குடியிருப்புத் தெருக்களைப் பிடித்து வடக்கே நடந்தால் வீடுகள் முடியும் இடத்தில் வெஸ்ட் வுட் காடு தொடங்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவாக்கில் வந்தால் இலை முழுதாக விரியாத பீச் மரங்களின் கீழே தரையெல்லாம் ஊதாநீலமாகப் புளூபெல் பூத்திருக்கும். ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் வர முடியும் என்றால் அந்த நாட்களில் வாருங்கள். படம் எடுப்பதற்காகப் பூவுக்குள் இறங்கி மிதிக்காதீர்கள், மிதிபட்ட செடி மீண்டு பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். கிழங்கோடு பிடுங்குவது சட்டப்படி குற்றம்.

காட்டுக்குள் பாதை சரியும். வெளியே வந்ததும் புல்வெளிச் சரிவு, எதிர்மேட்டில் செங்கல் நிறத்தில் ஒரு மாளிகை. அதுதான் லாட்டிமர் ஹவுஸ். 1647இல் முதலாம் சார்லஸ் மன்னரை இங்கிருந்த பழைய வீட்டில் கைதியாக வைத்திருந்தார்கள். அது எரிந்துபோன பிறகு, 1830களில் இப்போதிருக்கும் கட்டடம் எழுந்தது. இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானியர்களை இங்கே அடைத்து, அறைகளில் ஒலிவாங்கிகளை ஒளித்துவைத்து, அவர்கள் தங்களுக்குள் பேசியதைப் பதிவு செய்தார்கள். இப்போது அது ஹோட்டல்.

சரிவின் கீழே சாலை ஒன்றைக் கடக்க வேண்டும். கார்கள் வேகமாக வரும், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாலையைத் தாண்டி, புல்வெளியைக் கடந்தால் பாலம், பாலத்துக்கு அடியில் செஸ்.

இந்த ஆற்றுக்காகக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இது சுண்ணப்பாறை ஆறு. மழைநீர் பாறைக்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு, ஊற்றாக வெளியே வருகிறது. அதனால் அடித்தளத்துக் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிவு, கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிதாக மாறாத தட்பம். உலகில் இப்படிப்பட்ட ஆறுகளில் பெரும்பகுதி இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும்தான் இருக்கிறது. ஜூனில் நீருக்கு மேல் வெள்ளைப்பூக்கள் மிதக்கும். அசையாமல் நின்றால் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் டிரவுட் மீனைக் காணலாம், அதிர்ஷ்டம் இருந்தால் மீன்கொத்தியையும். கரையோரப் பொந்துகளில் நீர்எலி வாழ்கிறது. பண்ணைகளிலிருந்து தப்பிய மிங்க் என்ற வேட்டைப்பிராணி 2000களின் தொடக்கத்தில் அவற்றை ஏறக்குறைய அழித்துவிட்டது. மிங்கைக் கட்டுப்படுத்திய பிறகே நீர்எலிகள் மீண்டன. பார்க்கத் தெளிவாக இருக்கிறதே என்று ஆற்றுநீரைக் குடிக்காதீர்கள். கனமழைக்குப் பிறகு கழிவுநீர் கலக்க வாய்ப்புண்டு.

பாலத்துக்கு அப்பால் சற்று ஏறினால் லாட்டிமர் கிராமம். முக்கோணப் புல்திடல், அதைச் சுற்றிச் சில பழைய வீடுகள், அவ்வளவுதான் ஊர். திடலில், தென்னாப்பிரிக்காவின் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களோடு பிரிட்டன் நடத்திய போயர் போருக்குப் போன இவ்வூர்க்காரர்களுக்கு ஒரு நினைவுத்தூண். பக்கத்தில் சிறு மேடு ஒன்றில் பதித்த கல்லைப் படியுங்கள். 1900 ஏப்ரல் 5இல் தென்னாப்பிரிக்காவின் பாஸ்ஹோஃப் சண்டையில், போயர்களின் பக்கம் நின்று போரிட்ட பிரெஞ்சுத் தளபதி வில்புவா மாரெய் கொல்லப்பட்டார். காயம்பட்ட அவருடைய குதிரையைப் பிரிட்டிஷ் படையில் இருந்த செஷம் பிரபு இங்கே கொண்டுவந்து வளர்த்தார். 1911இல் அது இறந்தபோது அதன் இதயத்தை இந்தத் திடலில் புதைத்தார்கள்.

மாடும் கேட்டும்

லாட்டிமரிலிருந்து பாதை ஆற்றுக்கு இணையாகத் தென்கிழக்கே போகிறது. இங்கிருந்து கொஞ்ச தூரத்துக்குச் செஸ் வேலி வாக் என்ற குறிபோட்ட நடைவழியே உங்கள் வழி. மீன் படம் போட்ட தகட்டைப் பின்தொடருங்கள். சரிவில் மேய்ச்சல் நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

கேட் விஷயத்தில் விதி ஒன்றே ஒன்று: எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். மூடியிருந்தால் மூடுங்கள். திறந்து கட்டியிருந்தால் திறந்தே இருக்கட்டும், மாடு தண்ணீருக்குப் போகும் வழியாக அது இருக்கலாம். கிஸ்ஸிங் கேட் என்று ஒரு வகை உண்டு. வளைந்த கூண்டுக்குள் ஒருவர் நுழைந்து ஓரமாக நின்று, கதவை எதிர்ப்பக்கம் தள்ளி வெளியேற வேண்டும். முதுகுப்பை பெரிதாக இருந்தால் கழற்றிக் கையில் பிடியுங்கள். குழந்தை வண்டி இதில் நுழையாது, கைக்குழந்தையை உடலோடு கட்டும் பையில் தூக்கி வாருங்கள்.

மாட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டோடு வளர்ந்த நமக்கு அதைக் கண்டால் தட்டிக்கொடுக்கத்தான் கை போகும். கட்டித்தறி, தினசரிக் கறவை, மனிதக் கை எல்லாம் பழகிய மாடுகள் நம்முடையவை. இங்கே இறைச்சிக்கு வளர்க்கும் மந்தை கன்றுகளோடு திறந்தவெளியில் திரிகிறது, அந்நியரை அண்டவிடாது. பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். மந்தை பாதையிலேயே நின்றால் ஓடாமல், சத்தம் போடாமல், தள்ளிச் சுற்றிப் போங்கள். அப்படிச் சுற்றிப் போவதில் தவறில்லை. இளங்காளைகள் ஆர்வத்தில் பின்னாலேயே வரும், திரும்பி நின்று கைகளை விரித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நாய் உடன் இருந்தால் குட்டைக் கயிற்றில் பிடியுங்கள். மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிவிடும், மாட்டின் கோபமும் அதன் மேல்தான்.

வழியில் மரத்தடியில் செங்கல்லால் கட்டிய தனிக் கல்லறை ஒன்று. 1777இல் இறந்த செங்கல் தயாரிப்பாளர் வில்லியம் லிபர்ட்டியும் அவர் மனைவி ஆலிஸும் இங்கே உறங்குகிறார்கள். தேவாலய முற்றத்தைவிட்டு விலகி, இந்தச் சரிவிலேயே தம்மைப் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்த இடத்தைப் பார்த்தால் ஏன் என்று கேட்கத் தோன்றாது.

இன்னும் சற்றுத் தொலைவில் மில் ஃபார்ம் என்ற பண்ணை, பிறகு ஒரு சிறு சாலை. செய்னீஸ் பாட்டம் என்ற இடம் இது. கால் வலிக்கிறவர்களும் சிறு பிள்ளைகளும் இருந்தால் இங்கேயே ஆற்றைக் கடந்து நேரே செய்னீஸ் கிராமத்துக்கு ஏறிவிடலாம். நடை ஏறக்குறைய 8 கிலோமீட்டரில் முடியும். மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் டிசம்பரில் எல்லோருக்குமே இந்தக் குறுஞ்சுற்றைத்தான் சொல்வேன்.

சாரட் பக்கம்

முழுச் சுற்று போகிறவர்கள் ஆற்றோரமாகவே தொடர வேண்டும். ஃப்ராக்மோர் மெடோ என்ற பாதுகாக்கப்பட்ட ஈரப் புல்வெளி வரும். உரம் காணாத நிலம் என்பதால் கோடையில் காட்டுப்பூக்கள் செறிந்திருக்கும். அதைத் தாண்டினால் சாரட் பாட்டம். விக்டோரியா காலத்திலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் வாட்டர்கிரெஸ் கீரை பயிரிட்டு லண்டனுக்கு அனுப்பினார்கள். ஆழமில்லாத, ஓடும் ஊற்றுநீரில் வளரும் கீரை அது. ஆற்றில் தானாக முளைத்திருப்பதைப் பறித்துப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். ஆடு மாடு மேயும் நிலத்தின் நீரில் ஈரல் புழு இருக்கக்கூடும்.

இங்கிருந்து வடக்கே வயல் வழியாக ஒரு ஏற்றம். பருவத்தைப் பொறுத்துக் கோதுமையோ பார்லியோ கடுகு இனத்து மஞ்சள் ரேப்போ நிற்கும். பயிரின் நடுவே பாதை போவதைக் கண்டு பலர் வரப்போரமாக ஒதுங்கிச் சுற்றுகிறார்கள். தேவையில்லை. பாதையைப் பயிர் மறைக்காமல் பார்த்துக்கொள்வதும், உழுதிருந்தால் நடக்கும்படி திரும்பச் சமப்படுத்துவதும் விவசாயியின் சட்டக் கடமை. பாதை எங்கே போகிறதோ அங்கேயே, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். கூட்டமாகப் பரவி நடந்து கதிரை மிதிப்பதுதான் தப்பு. உயிர்வேலியில் ஆகஸ்ட், செப்டம்பரில் பிளாக்பெரி பழுத்திருக்கும், வழியோரம் கைநிறையப் பறித்து உண்ணலாம்.

ஏற்றம் முடியும் இடம் சர்ச் எண்ட். சிக்கிமுக்கிக் கல் பதித்த ஹோலி கிராஸ் தேவாலயம் 1190ஐ ஒட்டிக் கட்டியது. நம் கணக்கில் சோழ மன்னன் மூன்றாம் குலோத்துங்கன் ஆண்ட காலம். எதிரே காக் இன் என்ற பழைய பப். பப் என்றதும் மதுக்கடை என்று ஒதுங்க வேண்டாம், தேநீரோ எலுமிச்சைச் சாறோ மட்டும் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். குடும்பமாக உட்காரலாம். சேற்றுப் பூட்ஸை வாசலில் தட்டிவிட்டு, கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கட்டிவந்த சோற்றை அவர்கள் மேசையில் மட்டும் பிரிக்காதீர்கள், அதற்கு ஆற்றங்கரை இருக்கிறது.

தலைக்கு மேலே பிளவுபட்ட வாலோடு வட்டமிடும் பெரிய செம்பழுப்புப் பறவை ரெட் கைட் என்ற பருந்து. இங்கிலாந்தில் அற்றுப்போயிருந்த இதை 1989க்கும் 1994க்கும் இடையில் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள். இப்போது எந்த நாளிலும் காணலாம். கையில் இருப்பதைத் தூக்கிப் போட்டுப் பழக்காதீர்கள்.

செய்னீஸ் வழியே திரும்புதல்

சர்ச் எண்டிலிருந்து இறங்கி, ஆற்றை மறுபடி கடந்து, மவுண்ட் வுட் பக்கமாக மேற்கே ஏறினால் செய்னீஸ். நாளின் கடைசி ஏற்றம், மெதுவாகவே ஏறுங்கள். பெட்ஃபோர்ட் கோமகன்களுக்குச் சொந்தமாக இருந்த ஊர் இது. 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் பண்ணையாட்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள் இன்னும் திடலைச் சுற்றி நிற்கின்றன. செய்னீஸ் மேனர் 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய செங்கல் மாளிகை. எட்டாம் ஹென்றியும் முதலாம் எலிசபெத்தும் தங்கிய வீடு. கோடை மாதங்களில் குறிப்பிட்ட சில நாட்கள் மட்டுமே திறப்பார்கள், உள்ளே போக விருப்பமானால் முன்கூட்டியே பார்த்து அந்த நாளில் வாருங்கள். மூடியிருந்தாலும் சாலையிலிருந்தே அந்தச் செதுக்குச் செங்கல் புகைபோக்கிகளைக் காணலாம்.

மேனரைத் தாண்டி மேற்கே வயலும் காடுமாக வரும் பாதை காலையில் பார்த்த வெஸ்ட் வுட்டுக்குள் கொண்டுவிடும். இங்கே தடங்கள் பல குறுக்கிடும், வரைபடத்தைக் கையிலேயே வைத்திருங்கள். காட்டின் தெற்கு விளிம்பில் வீடுகள் தென்பட்டதும் நிலையம் கால் மணி நேரத் தூரம்.

வழி தவறினால் பதற்றம் வேண்டாம், எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாலை வந்துவிடும். அடிபட்டால் அவசர உதவிக்கு 999ஐ அழையுங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்பதற்கு வரைபடச் செயலி காட்டும் இருப்பிடக் குறியெண்ணை (கிரிட் ரெஃபரன்ஸ்) படித்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை பாக்கி. உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், பிள்ளைகளானால் காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் ஊற்றுவதோ நெருப்புக் காட்டுவதோ கூடாது. பிறகு வரும் வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். உண்ணி பரப்பும் லைம் நோயைத் தொடக்கத்திலேயே பிடித்தால் ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் குணமாகும்.

அடுத்தமுறைக்கு இதே ஆற்றை முழுதும் நடக்கலாம். செஷம் நிலையத்தில் இறங்கி, செஸ் வேலி வாக்கை ரிக்மன்ஸ்வொர்த் வரை 16 கிலோமீட்டர். இரண்டு முனையிலும் மெட்ரோபாலிடன் ரயில் நிற்கிறது.